மனிதருக்குப் பெரமோன் உண்டா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நலமா? நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எறும்புகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், "மனிதரிடம் பெரமோன் இருப்பதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை" என்று ஒரு வரி வருகிறது. அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை, விவாதம்தான் நடந்தது.

என் மாணவர்கள் இரண்டு பேர் முகநூல் விளம்பரத்தைப் பார்த்து 'பெரமோன் சென்ட்' எடுப்பித்திருக்கிறார்கள். சின்னப் போத்தல், 4,500 ரூபாய். பெட்டியில் 'விஞ்ஞானரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பெயரும் இருக்கிறது. உங்கள் வரியை நம்புவதா, பெட்டியை நம்புவதா என்று கேட்கிறார்கள்.

உண்மையில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. கம்பஸ் விடுதியில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒரு வருடம் போவதற்குள் எல்லாருக்கும் மாதவிலக்கு ஒரே கிழமையில் வரத் தொடங்கிவிட்டது. இது நான் அனுபவித்த விஷயம். அடுத்தது, என் அக்காவுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது. யார் தூக்கினாலும் அழுகிற பிள்ளை, அக்கா உடுத்திக் களைந்த சட்டையைப் பக்கத்தில் வைத்தால் அடங்கிவிடுகிறது. இதெல்லாம் பெரமோன் இல்லையென்றால் வேறு என்ன?

அன்புடன்,
தர்சினி

*

அன்புள்ள தர்சினி,

அக்காவுக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டவற்றில் போத்தல், விடுதி, குழந்தை மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. போத்தலில் ஒன்றுமில்லை. விடுதியில் நடந்ததைக் கணக்குப் போட்டே விளங்கிக்கொள்ளலாம். குழந்தையின் விஷயம்தான் பெரியது, அதில் இன்னும் கண்டுபிடிக்க நிறைய இருக்கிறது.

முதலில் பெரமோன் என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு உயிரியின் உடலிலிருந்து வெளிவந்து, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றிடம் குறிப்பிட்ட ஒரு நடத்தையையோ உடல் மாற்றத்தையோ உண்டாக்கும் இரசாயனம் அது. கார்ல்சன், லூஷர் என்ற இருவர் 1959 இல் நேச்சர் இதழில் இந்தப் பெயரை வைத்தார்கள். அதே வருடம்தான் ஜேர்மனியின் அடோல்ஃப் பூட்டெனான்ட் உலகின் முதல் பெரமோனைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அது பட்டுப்பூச்சியினுடையது, பெயர் பொம்பிகோல்.

அவர் அதை எப்படிச் செய்தார் என்பதை மாணவர்களுக்கு விரிவாகச் சொல்லுங்கள். வளர்ப்புப் பட்டுப்பூச்சியில் பெண் பறக்காது. இருந்த இடத்தில் இருந்துகொண்டு வயிற்று நுனியிலிருக்கும் சுரப்பியை வெளியே நீட்டும். அந்த மணம் பட்டதும் ஆண் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமிடும். பூட்டெனான்ட் அந்தச் சிறகடிப்பையே அளவுகோலாக எடுத்தார். ஏறத்தாழ 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளை வெட்டிச் சாறெடுத்தார். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஆண் பூச்சிக்குக் காட்டினார். எதற்குச் சிறகடித்ததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் பிரித்தார். கடைசியில் மிஞ்சியது சில மில்லிகிராம். அதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வுகூடத்தில் புதிதாகத் தயாரித்து, அதற்கும் பூச்சி சிறகடிக்கிறதா என்று பார்த்தார். அடித்தது. இத்தனைக்கும் கிட்டத்தட்ட 20 வருடம் போனது.

நடத்தை, சாறு, மூலக்கூறு, செயற்கைத் தயாரிப்பு, பிறகு மறுபடியும் அதே நடத்தை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதரின் பெரமோன் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், இதில் எந்தப் படி நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்தால் போதும்.

'பூச்சிக்குச் சரி, பெரிய மிருகங்களுக்கு?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கந்தளாய்ப் பக்கம் வயலுக்குள் இறங்குகிற யானையையே உதாரணமாகச் சொல்லலாம். ஆசிய யானையின் பெண், சினைப்படும் காலம் நெருங்கும்போது சிறுநீரில் ஒரு பொருளை வெளிவிடுகிறது. ஆண் யானை தும்பிக்கை நுனியால் அந்த ஈரத்தைத் தொட்டு, தும்பிக்கையை வளைத்து வாயின் மேலண்ணத்தில் இருக்கும் இரண்டு சிறு துவாரங்களில் வைக்கும். அமெரிக்க ஆய்வாளர் பெட்ஸ் ராஸ்முசனும் அவருடைய குழுவினரும் அந்தப் பொருளைப் பிரித்து 1996 இல் வெளியிட்டார்கள். அது நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்துகிற அதே மூலக்கூறு! இவ்வளவு பெரிய யானையும் விரல் நுனியளவு பூச்சியும் ஒரே இரசாயனத்தால் துணையைக் கூப்பிடுகின்றன. இதை முதலில் வாசித்தபோது உண்டான வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

ராஸ்முசன் இன்னொரு வேலையும் செய்தார், தமிழராகிய நமக்கு அது நெருக்கமானது. யானையின் மதநீரில் வண்டு மொய்ப்பதாக நம் பழைய பாட்டுகளில் அடிக்கடி வரும். கவிஞர்களின் கற்பனை என்றுதான் நாமெல்லாம் படித்தோம். 2002 இல் ராஸ்முசன், தமிழ்நாட்டு வனத்துறையின் புகழ்பெற்ற யானை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இளம் ஆண் யானையின் மதநீரில் உண்மையாகவே தேன் போன்ற மணமுள்ள பொருட்கள் இருப்பதைக் காட்டினார்கள். வயது ஏற ஏறத்தான் அது நாற்றமாக மாறுகிறது. மணத்தை வைத்தே மற்ற யானைகள், வந்திருப்பது விடலையா பெரிய ஆணா என்று தெரிந்துகொள்கின்றன. யானையின் பக்கத்தில் நின்று பார்த்த யாரோ ஒருவர்தான் அந்த வண்டுகளை முதலில் பாட்டில் வைத்திருக்க வேண்டும்.

யானையிடம் போக முடியாவிட்டால் ஆட்டைப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் கிடாய் நிற்கிறது. மறியாடு சிறுநீர் கழித்ததும் அது போய் மூக்கை வைக்கும். பிறகு கழுத்தை நீட்டித் தலையை நிமிர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, பல்முரசு தெரிய அசையாமல் நிற்கும். 'ஆடு சிரிக்குது' என்று சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து பார்ப்பார்கள். உங்கள் ஊர்ப் பிரட்றிக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களில் கலைமான் இதையே செய்வதைப் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். உதட்டைச் சுருட்டுவது, அந்த ஈரத்தை மூக்கின் அடியிலுள்ள தனி உறுப்பு ஒன்றுக்குள் இழுப்பதற்காக. யாக்கோப்சன் உறுப்பு என்று அதற்குப் பெயர். கிடாயின் மொச்சை மணத்துக்கும் இப்படி ஒரு வேலை உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் கிடாய்களின் தலையில் தொப்பி மாட்டி, மயிரிலிருந்து எழும் மணத்தைச் சேகரித்துப் பிரித்து, 4-எதைலொக்டனல் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். 2014 இல் வந்த ஆய்வு அது. மறியாட்டின் மூளையில் இனப்பெருக்க ஓமோன்களை முடுக்கிவிடும் பகுதியை அது தூண்டுகிறது. மறிகள் சூட்டுக்கு வரவில்லையென்றால் பட்டியில் ஒரு கிடாயை விடுங்கள் என்று ஆடு வளர்ப்பவர்கள் சொல்வது சரிதான்.

அந்த உறுப்பு நமக்கு உண்டா? கருவில் இருக்கும்போது உருவாகிறது. வளர்ந்த பலரின் மூக்கு நடுச்சுவரில் சிறு குழியாக மிஞ்சியும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இல்லை. எலியில் அந்த உறுப்பை வேலை செய்யவைக்கும் டிஆர்பிசி2 என்ற மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது. நமக்கு மட்டுமல்ல, நம் காட்டு மந்திகளுக்கும் அப்படித்தான். நமக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதையிடமே, 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அது பழுதாகிவிட்டதாகக் கணிக்கிறார்கள்.

பலர் இந்த இடத்தில், 'உறுப்பு இல்லை, ஆகவே பெரமோனும் இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். அது அவசர முடிவு. பன்றியும் முயல்குட்டியும் தங்கள் பெரமோன்களைச் சாதாரண மூக்காலேயே அறிகின்றன. நமக்கும் மூக்கு நன்றாக வேலை செய்கிறது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991 இல் கண்டுபிடித்து, 2004 இல் நோபல் பரிசு பெற்ற மண ஏற்பி மரபணுக்களில் ஏறத்தாழ 400 நம்மிடம் இயங்குகின்றன. ஆகவே கதவு மூடப்படவில்லை. நிரூபிக்கவில்லை என்று நான் எழுதியது அந்த அர்த்தத்தில்தான்.

இனிப் போத்தலுக்கு வருவோம். ஆண்ட்ரோஸ்டீனோன் பன்றியின் பெரமோன். ஆண் பன்றியின் எச்சிலில் வரும். சூட்டிலிருக்கும் பெண் பன்றிக்கு அது மணத்தால் கால்களை ஊன்றி அசையாமல் நின்றுவிடும். செயற்கைச் சினையூட்டலுக்காகப் பன்றிப் பண்ணைகளில் இதை ஸ்பிரேயாகவே பாவிக்கிறார்கள். மனித வியர்வையிலும் இது கொஞ்சம் இருப்பது தெரிந்ததும், 'நமக்கும் அப்படித்தானோ' என்ற ஆசை தொற்றிக்கொண்டது. மனிதர் மூக்குக்கு இது எப்படித் தெரிகிறது என்று கேட்டால் விடை வேடிக்கையானது. சிலருக்குச் சிறுநீர் வெடில். சிலருக்கு வனிலா மாதிரி இனிப்பு. சிலருக்கு ஒன்றுமே மணக்காது. ஓஆர்7டி4 என்ற ஏற்பி மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடுவதே இதற்குப் பெரிய காரணம் என்று 2007 இல் காட்டினார்கள். ஒரே பொருளை அறைக்குள் இருக்கும் பத்துப் பேர் பத்து விதமாக உணர்கிறார்கள் என்றால், அது எல்லாரையும் ஒரே விதமாக இழுக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? அந்தப் பையன்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கியது பன்றியின் அழைப்பு. அதுவும் போத்தலுக்குள் உண்மையாகவே இருக்கிறது என்றால்.

ஆண்ட்ரோஸ்டாடையீனோன், எஸ்ட்ராடெட்ராயினோல் என்ற வேறு இரண்டு பெயர்களும் விளம்பரங்களில் வரும். இவற்றின் கதைதான் எனக்கு மிகவும் வருத்தமானது. 1991 இல் பாரிஸில் ஒரு மாநாடு நடந்தது. அதற்குப் பணம் போட்டது எராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். வாசனைத் திரவியம் விற்கும் திட்டத்தோடு இருந்தவர்கள். அந்த மாநாட்டின் கட்டுரை ஒன்றில் இந்த இரண்டு பொருட்களும் 'மனிதப் பெரமோன்களாக இருக்கலாம்' என்று வந்தன. எங்கிருந்து எடுத்தார்கள், மனித உடலில் உள்ள ஆயிரக்கணக்கான பொருட்களில் இவை இரண்டை மட்டும் ஏன் தெரிந்தெடுத்தார்கள், எந்த நடத்தையை அளவுகோலாக வைத்துப் பிரித்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நிறுவனம் தந்தது என்ற குறிப்பு மட்டும் இருந்தது.

பூட்டெனான்டின் வரிசையை நினைத்துப் பாருங்கள். முதல் மூன்று படிகளும் இங்கே கிடையாது. அப்படியிருந்தும் அடுத்த இருபது வருடங்களுக்கு மேலாக நல்ல பல்கலைக்கழகங்களில் நல்ல ஆய்வாளர்கள் இந்த இரண்டு பொருட்களையும் எடுத்து மோப்பம் பிடிக்கக் கொடுத்தார்கள், மூளையை ஸ்கான் எடுத்தார்கள், மனநிலை மாறுகிறதா என்று பார்த்தார்கள். சின்னச் சின்னக் குழுக்கள், உடலில் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமான அளவுகள். பத்துத் தரம் பார்த்து ஒருமுறை எதாவது தெரிந்தால் அதுதான் இதழில் வரும், மற்ற ஒன்பதும் மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஒக்ஸ்ஃபோர்டின் விலங்கியலாளர் டிரிஸ்ட்ரம் வயட் 2015 இல் இந்த வரலாற்றையெல்லாம் தோண்டி எடுத்து, இவற்றைப் பெரமோன் என்று சொல்ல ஆதாரமே இல்லை, தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதினார். 2017 இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழு, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எது எது என்று தெரியாதபடி இந்த இரண்டையும் சோதித்தது. ஆணா பெண்ணா என்று தெளிவில்லாத முகங்களைக் காட்டி யாரென்று கேட்டார்கள். எதிர்ப்பாலாரின் படங்களுக்குக் கவர்ச்சிப் புள்ளி போடச் சொன்னார்கள். பொருளை மோந்தபோதும் மோக்காதபோதும் விடைகளில் வித்தியாசம் இல்லை.

4,500 ரூபாய் போனது ஒரு பக்கம். 'விஞ்ஞானம் நிரூபித்தது' என்ற சொல்லை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை நம்பி ஏமாந்தால், நாளைக்குத் தடுப்பூசியைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அவன் அதே சந்தேகத்தோடுதான் கேட்பான். எனக்கு அதுதான் கவலை. அவர்களைத் திட்டவேண்டாம். பெட்டியில் உள்ள பெயரை எழுதி, அதற்கு எந்தப் படி நடந்தது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

விடுதிக்கு வருகிறேன். உங்கள் அனுபவத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். விடுதியில் இருந்த எல்லாப் பெண்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இந்த நம்பிக்கைக்கு ஆய்வு முத்திரை கிடைத்தது 1971 இல். மார்த்தா மெக்ளின்டொக் என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்கப் பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் 135 மாணவிகளைக் கவனித்து, நெருங்கிய தோழிகளின் மாதவிலக்கு நாட்கள் ஒன்றையொன்று நெருங்குவதாக நேச்சரில் எழுதினார். பெண்களின் உடலைப் பற்றிப் பேசவே தயங்கிய காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய விஷயம், அதற்காக அவரை மதிக்கிறேன். 1998 இல் இன்னொரு ஆய்வில், சில பெண்களின் அக்குளில் வைத்த பஞ்சை வேறு 20 பெண்களின் மேலுதட்டில் தடவி, சுழற்சி நீளுவதும் குறுகுவதும் தெரிவதாகச் சொன்னார்.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. கரும்பலகையில் போட்டுக் காட்டக்கூடிய கணக்குத்தான். இரண்டு பேருக்கும் 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தொடங்கும் நாட்களுக்கு இடையே ஆகக்கூடிய வித்தியாசமே 14 நாள்தான். ஒரு தொடர்பும் இல்லாத இருவரை எடுத்தாலும் சராசரி வித்தியாசம் 7 நாள். ஆளுக்கு 5 நாள் என்றால், எந்த இரண்டு பேருக்கும் ஒருநாளாவது சேர்ந்து வர 28 இல் 9 வாய்ப்பு, அதாவது மூன்றில் ஒன்று. உங்கள் அறையில் ஆறு பேர். ஆறு தரம் ஐந்து முப்பது, மாதத்தில் இருப்பதோ 28 நாள். ஆறு பேருக்கும் தனித்தனியாக வருவதற்கு இடமே இல்லை! ஒவ்வொரு மாதமும் குறைந்தது இரண்டு பேருக்காவது சேர்ந்து வந்தே தீரவேண்டும்.

இனி ஒருத்திக்கு 28, இன்னொருத்திக்கு 30 நாள் என்றால், மாதத்துக்கு இரண்டு நாளாக இடைவெளி மாறிக்கொண்டே போகும். ஏழு மாதத்தில் 14 நாள் தள்ளி இருந்தவர்கள் ஒரே நாளுக்கு வந்துவிடுவார்கள். வந்த மாதம் 'பார்த்தியா, எங்களுக்கு ஒண்டா வருது' என்று சொல்லிச் சிரிப்போம், நாப்கினையும் சேர்ந்து வாங்குவோம், அது மனதில் நிற்கும். பிறகு விலகிப்போகும் மாதங்களை யாரும் பேசுவதில்லை. 2006 இல் யாங், ஷாங்க் என்ற இருவர் சீனாவில் விடுதிகளில் ஒன்றாகத் தங்கிய 186 மாணவிகளை ஒரு வருடத்துக்கு மேலாகப் பதிவு செய்து பார்த்தார்கள். சுழற்சிகள் ஒன்றுசேரவில்லை. 1971 ஆய்வின் கணக்கிடும் முறையிலேயே பிழை இருப்பதாகவும் காட்டினார்கள். சேர்ந்ததுபோல் தெரிவதற்கும் சேர்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அந்த ஆறு பேரின் நட்புக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை, தர்சினி.

கடைசியாகக் குழந்தை. இங்கேதான் நான் உங்களோடு அதிக நேரம் இருக்க விரும்புகிறேன். அக்காவின் சட்டையால் பிள்ளை அடங்குவது உண்மையான விஷயம், மூக்கால்தான் நடக்கிறது. ஆனால் அது பெரமோன் அல்ல. பெரமோன் என்றால் இனத்துக்கே பொதுவானது. எந்தப் பெண் பட்டுப்பூச்சியின் சுரப்பும் எந்த ஆணையும் சிறகடிக்க வைக்கும். பிள்ளைக்கோ வேறு யாருடைய சட்டையும் சரிவராது, தன் அம்மாவுடையதுதான் வேண்டும். அது ஆளின் மணம். ஒவ்வொருவருக்கும் தனி, பழகிப் படிக்கவேண்டியது. 1975 இல் எய்டன் மக்ஃபார்லன் என்ற மருத்துவர், பிறந்த குழந்தையின் முகத்துக்கு ஒரு பக்கம் தாயின் மார்பில் வைத்திருந்த துணியும் மறுபக்கம் வேறொரு தாயினுடையதும் தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டாம் நாளில் பிள்ளைகள் பேதம் காட்டவில்லை. ஆறாம் நாளளவில் தன் தாயின் பக்கம் திரும்பின. நாலைந்து நாளில் படித்துவிட்டன! தாய்மாரும் அப்படித்தான். பெற்றுச் சில மணி நேரம் பிள்ளையோடு இருந்தவர்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் தன் பிள்ளையின் சட்டையை மணத்தால் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

1995 இல் சுவிட்சர்லாந்தில் கிளவுஸ் வெடெகிண்ட் செய்த டீஷர்ட் ஆய்வும் இதே வகைதான். 44 ஆண்கள் இரண்டு இரவு போட்டுக் களைந்த டீஷர்ட்டுகளைப் பெண்களுக்கு மோக்கக் கொடுத்தார். நோயெதிர்ப்பு மரபணுக்கள் தங்களிலிருந்து வேறுபட்டவரின் மணமே அவர்களுக்குப் பிடித்ததாக முடிவு வந்தது. பெரமோனுக்கு ஆதாரம் என்று இதைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். ஆளுக்கு ஆள் மாறுகிற விருப்பத்தைப் பெரமோன் என்று எப்படிச் சொல்வது? பெண்களின் கண்ணீரை மோந்த ஆண்களுக்கு டெஸ்டஸ்டிரோன் என்ற ஆண் ஓமோன் குறைகிறது என்று இஸ்ரேலின் நோம் சொபெல் குழு 2011 இல் சொன்னது. இன்னொரு குழு திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. சொபெல் குழு 2023 இல் இன்னொரு ஆய்வோடு வந்திருக்கிறது. நல்ல கேள்வி, ஆனால் கண்ணீரில் எந்த மூலக்கூறு என்று தெரியும்வரை அதைத் தனியே வைப்போம்.

அப்படியென்றால் மனிதரில் உண்மையான பெரமோனை எங்கே தேடலாம்? தாயின் மார்பில்.

முயலைப் பாருங்கள். தாய் முயல் நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் சில நிமிடம்தான், பால் கொடுக்க வரும். கண் திறக்காத குட்டிகள் அதற்குள் காம்பைக் கண்டுபிடிக்காவிட்டால் பட்டினி. பிரான்ஸின் டிஜோன் நகரில் பெனுவா ஷால் என்ற ஆய்வாளரின் குழு, முயல் பாலிலிருந்து எழும் மணங்களைப் பிரித்துப் பிரித்து, 2003 இல் ஒரே ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. அதை ஒரு கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினால் குட்டி தலையை ஆட்டித் தேடிக் குச்சியைக் கவ்வுகிறது. எந்தத் தாயின் குட்டியானாலும் சரி. பூட்டெனான்டின் படிகள் அத்தனையும் இருக்கின்றன.

அதே குழு பிறகு மனிதக் குழந்தைகளிடம் வந்தது. முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சிறு சிறு புடைப்புகள் இருக்கும், மொன்ட்கொமரி சுரப்பிகள் என்பார்கள். கர்ப்பத்தில் அவை பெருக்கும். பாலூட்டும் காலத்தில் அவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு சுரப்பு வரும். அதைக் கண்ணாடிக் குச்சியில் எடுத்து, பிறந்து மூன்றே நாளான, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளின் மூக்கடியில் பிடித்தார்கள். குழந்தைகள் உதட்டைக் குவித்தன, நாக்கை நீட்டின, மூச்சை ஆழ இழுத்தன. பசும்பாலுக்கோ வனிலாவுக்கோ அப்படிச் செய்யவில்லை. அந்தச் சுரப்பு எடுக்கப்பட்டது அவற்றின் தாயிடமிருந்து அல்ல, முன்பின் தெரியாத வேறொரு தாயிடமிருந்து. 2009 இல் இது வெளிவந்தது. இதற்கு முன்பே, 1994 இல், பிறந்தவுடன் தாயின் நெஞ்சில் கிடத்தப்பட்ட 30 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்கள். தாயின் ஒரு மார்பைக் கழுவிவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள். 22 பிள்ளைகள் கழுவாத மார்பைத்தான் தேடிப் போயின.

பூட்டெனான்டின் வரிசையில் இங்கே முதற்படி இருக்கிறது. எல்லாரும் கண்ணால் காணக்கூடிய ஒரு நடத்தை, இன்னும் ஊரையும் உலகத்தையும் படிக்காத பிள்ளைகளிடம். மூலக்கூறு எது என்பதை இனிமேல்தான் பிரித்தெடுக்க வேண்டும். எத்தனையோ ஆய்வுப் பணம் 1991 இன் அந்த இரண்டு பொருட்களுக்குப் பின்னால் போனபோது, இந்தக் கேள்வியில் இருந்தவர்கள் விரல்விட்டெண்ணக்கூடிய சிலர்தான். காதலுக்குச் சென்ட் விற்கலாம், பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன விற்பது? ஆனால் குறைமாதத்தில் பிறந்து, குழாய் வழியாகப் பால் ஏறுகிற ஒரு பிள்ளைக்கு உறிஞ்சும் பழக்கத்தைத் தூண்ட அந்த மூலக்கூறு உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். மனிதப் பெரமோனைத் தேடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வகுப்பிலிருந்து யாராவது ஒரு பிள்ளை இரசாயனம் படித்து அந்தச் சொட்டைப் பிரித்தெடுக்கப் போகக்கூடாதா என்று ஆசைப்படுகிறேன்.

வகுப்பில் உண்மையான பெரமோன் ஒன்றைக் காட்ட விரும்பினால், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் தென்னங்காணி வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். தென்னையின் காண்டாமிருக வண்டுக்கு வாளிப் பொறியில் தொங்கவிடும் சிறு பை இருக்கும். அதற்குள் இருப்பது ஆண் வண்டு வெளிவிடும் எதைல் 4-மீதைலொக்டனோவேற்று, ஆய்வுகூடத்தில் செய்தது. ஆண், பெண் இரண்டும் அதை நோக்கி வரும். காலையில் வாளியைத் திறந்து வண்டுகளை எண்ணி, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று பிரித்து, பக்கத்தில் பை இல்லாத ஒரு வாளியையும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பையை மட்டும் வெட்டித் திறக்கவேண்டாம், மணம் ஒரேயடியாகப் போய்விடும். இளம் தென்னம்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வாளியைத் தொங்கவிடவும் வேண்டாம், வருகிற வண்டு எல்லாம் வாளிக்குள்தான் விழும் என்றில்லை.

அன்புடன்,
அக்கா